மணற்காட்டு நன்னீர்

பருத்தித்துறையிலிருந்து கிழக்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லும் ஒருவர், கற்கோவளத்தைக் கடந்த சிறிது தூரத்தில் நிலத்தின் இயல்பு மாறுவதைக் காண்பார். அதுவரை காலின் கீழிருந்தது கல். கல்லின்மேற் சிறிதளவு மண்; அம்மண்ணில் வேலியும் வளவும் ஒழுங்கையுமாக நெருங்கிய ஊர்கள். இப்பொழுது முன்னே தோன்றுவது மணல். சிறு குன்றுகளாகவும், குன்றுகளுக்கிடையே பள்ளங்களாகவும், நண்பகலில் வெள்ளையாகவும், மாலையிற் பொன்னிறமாகவும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மணலே பரந்து கிடக்கும். வல்லிபுரம், மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் எனத் தெற்கே தொடரும் ஊர்கள் இம்மணலையே தமக்கு நிலமாகக் கொண்டவை. அவற்றுள் மணற்காடு என்னும் சிற்றூரைப் பற்றியும், அதனைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தைப் பற்றியும் இன்று நேயர்களுடன் சிறிது பேச விரும்புகின்றேன்.

யான் வலிகாமத்துச் செம்மண்ணிற் பிறந்தவன். 2003ஆம் ஆண்டில், போர்நிறுத்தம் நிலவிய காலத்தில், இக்கரையோரப் பாடசாலையொன்றுக்கு ஆசிரியனாக வந்தேன். வந்த முதல் நாள் தாகம் மேலிட்டு, ஒரு வீட்டுப் படலையில் நின்று தண்ணீர் கேட்டேன். கூப்பிடு தூரத்திற் கடல் குமுறிக்கொண்டிருந்தது. இத்தகைய இடத்துக் கிணற்றுநீர் எப்படி இருக்குமோ என்று எண்ணியவாறே செம்பை வாயில் வைத்தேன். எங்களூர்க் கிணற்று நீரிலும் அது இனிமையாக இருந்தது. எங்களூர் நீரைக் காய்ச்சினாற் கேத்திலின் அடியிற் சுண்ணாம்பு படியும்; இந்த நீருக்கு அந்தக் குறையும் இல்லை. வீட்டிலிருந்த ஆச்சி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன தம்பி, உப்பெண்டு நினைச்சீரோ?”

ஆம், அப்படித்தான் நினைத்தேன். கலைப்பட்டதாரி என்று பெயர் படைத்த யான், நான் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அன்று பட்ட வெட்கம் பின்பு என்னைப் பல நூல்களையும், பல கிணறுகளையும் எட்டிப் பார்க்கச் செய்தது. இப்பேச்சு அந்த வெட்கத்தின் விளைவு என்று கொள்ளலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். தொண்டைமானாறு பெயரளவில் ஆறு; உண்மையில் அது வடமராட்சிக் கடனீரேரி கடலோடு கலக்கும் வாய். ஆதலின் நாம் குடிப்பதும், பயிருக்கு இறைப்பதும், குளிப்பதும் எல்லாம் நிலத்தடி நீரே. அந்த நிலத்தடி நீருக்கு வரவு ஒன்றேதான், அது மழை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி ஈறாகச் சில கிழமைகளிற் கொட்டித் தீர்ந்துவிடும். மிகுந்த மாதங்களில் நாம் செலவாளிகள்.

இந்த மழையை நிலம் வாங்கிக்கொள்ளும் வகை இடத்துக்கிடம் வேறு. வலிகாமத்திலும் வடமராட்சியின் மேற்குப் பாகத்திலும் நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல். பன்னெடுங் காலமாக மழைநீர் அக்கல்லைக் கரைத்து அதனுள் வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு அத்தகைய குகையொன்றின் மேற்கூரை இடிந்து விழுந்ததனால் உண்டானது. கீரிமலையிற் கடலோரத்தே பொங்கும் ஊற்றும், கல்லின் வெடிப்பு வழியே கடலைத் தேடிச் செல்லும் நன்னீரே. மணற்காட்டிற் கதை வேறு. அங்கே கல் ஆழத்திற் கிடக்கின்றது. மழையை ஏற்பதும் மணல். அதனைக் காத்து வைப்பதும் மணல்.

மணற்காடு அமைந்துள்ள இடத்தை மனக்கண்ணாற் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே வடமராட்சிக் கடனீரேரி. அதற்கு அப்பால் தென்மராட்சியின் வரணி. இவ்விரு நீர்ப்பரப்புகளுக்கும் இடையே ஓர் ஒடுங்கிய மணற்பட்டி. இருபக்கமும் உவர். அடியிற் கிணற்றை ஆழத் தோண்டினால் அங்கும் உவர். இந்த மூன்று உவர்களுக்கும் நடுவில் மழை தந்த நன்னீர் எவ்வாறு கலந்துபோகாமல் நிற்கின்றது என்பதே வினா.

விடை நிறையில் இருக்கின்றது. ஒரு கனமீற்றர் நன்னீர் 1,000 கிலோகிராம் நிறையுடையது. அதே அளவு கடல்நீர், கரைந்துள்ள உப்பினால், ஏறத்தாழ 1,025 கிலோகிராம் நிறையுடையது. ஆதலின் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும். ஆற்றிலும் குளத்திலுமாயின் காற்றும் ஓட்டமும் இரண்டையும் விரைவிற் கலக்கிவிடும். மணலுக்குள் நீர் மிக மெல்ல அசைவதனாற் கலப்பும் மெல்லவே நிகழும். பாரம் ஏற்றிய வள்ளத்தை நீரில் நிறுத்தினால், மேலே தெரிவது சிறிது, கீழே அமிழ்ந்திருப்பது மிகுதி அன்றோ? மணலுக்குள் மிதக்கும் நன்னீரும் அத்தகையதே. 41 அடி உயரமான நன்னீர்த் தூணும் 40 அடி உயரமான கடல்நீர்த் தூணும் ஒரே நிறையுடையன. எனவே கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது அடிவரை அது உவர்நீரைத் தள்ளி வைத்திருக்கும். ஒல்லாந்து நாட்டவரான பாடன் கைபன் என்பவர் 1880களின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவர் 1901ஆம் ஆண்டிலும் தத்தம் கரைகளை ஆராய்ந்து இக்கணக்கைத் தனித்தனியே கண்டனர். அவர்கள் ஆராய்ந்தவையும் இவை போன்ற மணற்கரைகளே.

இக்கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மேலே ஓர் அடி நீர் குறைந்தால், காலப்போக்கிற் கீழே உவர்நீர் நாற்பது அடி ஏறும். இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் மணலின் தன்மை, கீழுள்ள கல்லின் ஆழம், இரண்டு நீரும் கலக்கும் படையின் தடிப்பு ஆகியன இதனைக் கூட்டியும் குறைத்தும் விடும். ஆயினும் எந்தத் திசையிற் போகும் என்பதில் ஐயமில்லை. மணற்காட்டார் மேலேயிருந்து எடுப்பது ஒரு வாளி. கீழேயிருந்து எழுவது அதனிலும் பன்மடங்கு.

மணல் இன்னொரு வேலையையும் செய்கின்றது. மழை பெய்தவுடன் நீர் அதனுள் இறங்கிவிடும். ஓடிக் கடலிற் சேர்வது மிகக் குறைவு. பின்பு வெயில் எறிக்கும்போது மேலுள்ள சில அங்குல மணல் காய்ந்துவிடுகின்றது. காய்ந்த மணலின் பருமணிகளுக்கிடையே உள்ள இடைவெளி பெரிதாதலின், கீழுள்ள நீர் ஊறி ஊறி மேலேற முடியாது. காய்ந்த மணல் கீழிருக்கும் நீருக்கு ஒரு மூடியாக அமைந்துவிடுகின்றது. களிமண் நிலமாயின் வெயில் வெடிப்புகளின் வழியே நெடுந்தூரம் உறிஞ்சும். சித்திரை வெயிலில் வெறுங்காலுடன் மணற்குன்றில் ஏறிப் பார்த்தவர்களுக்கு மேல்மணலின் சூடு தெரியும். அதே இடத்தில் முழங்கை ஆழத்துக்குக் கையால் தோண்டினால் ஈரம் குளிர்ந்து படும். எங்கள் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு.

இந்த நுட்பங்களை நூலிற் படியாமலே இவ்வூர் முன்னோர் தம் வாழ்வை இவற்றுக்கேற்ப அமைத்திருந்தனர். செம்மண் நாட்டிற் கிணறு என்றால் கல்லை உடைத்து ஆழமாக இறக்குவது. ஆடுகாலும் துலாவும் நாட்டி, ஆள் ஏறி மிதித்து, பட்டையால் இறைப்பது. மணற்காட்டுப் பக்கத்திலே குடிநீருக்குப் பூவல் தோண்டினர். பூவல் என்பது ஆழமில்லாத மணற்கிணறு. பக்கம் சரியாதிருக்கப் பனையின் உட்சோற்றை நீக்கிய கொட்டை இறக்குவர். பின்னாளிற் சீமெந்து வளையங்கள் வந்தன. துலாவுக்கு அங்கே வேலை இல்லை. குனிந்து செம்பால் மொள்ளலாம். மொண்ட நீர் மெல்ல ஊறி மீண்டும் நிரம்பும். ஊறும் வரை குடத்தை இடுப்பில் வைத்தவாறு பெண்கள் காத்திருப்பர். ஊர்ப் புதினம் முழுவதும் அந்தக் காத்திருப்பிலே பரிமாறப்பட்டது என்று ஆச்சி சொல்வார். பட்டணத்தார் பார்வையில் அது வீண் பொழுது. உண்மையில் ஊறும் வேகத்துக்கு மேலே எடுக்கமுடியாதபடி அமைந்த அந்தச் சிறு கிணறே நன்னீரைக் காத்தது. ஒரு நாள் முழுவதும் நீரைப் பொழியும் பம்பியொன்றை அங்கே வைத்தால், கிணற்றின் கீழ்ப்பக்கத்திலே உவர்நீர் கூம்புபோல் எழுந்து வரும். முதலிற் சிறிது சவர்; பின்பு உப்பு.

இனி இந்த மணல் எவ்வாறு வந்தது, எவ்வாறு நிற்கின்றது என்று பார்ப்போம். கடல் கரையிலே கொண்டுவந்து சேர்க்கும் மணலைக் காற்று தூக்கி உள்ளே கொண்டு செல்கின்றது. வாடைக்காற்று ஒருபுறமும் சோழகம் மறுபுறமுமாக ஆண்டுக்கு இருமுறை அதனைத் தள்ளிப் பார்க்கின்றன. காற்று மட்டும் இருந்தால் மணல் ஓரிடத்தில் நில்லாது. அதனை நிறுத்துவன புற்பூண்டுகளே. கடலுக்கு மிக அண்மையில் இராவணன் மீசை என்னும் முட்புல்லும், அடம்பன் கொடியும் படரும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியை நாம் ஒற்றுமைக்கு உதாரணமாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அப்பழமொழியை ஆக்கியவர் கடற்கரையில் அதன் உண்மைப் பணியைக் கண்டவராகவே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டுச் செல்லும் அக்கொடி, வந்து விழும் மணலைப் பிடித்து வைக்கும். மணல் தன்னை மூடினால் அதற்கு மேலே மீண்டும் தளிர்க்கும். குன்று உயர உயரக் கொடியும் உயரும். அதற்குப் பின்னே தாழையும் நாவலும் பனையும் இடம்பிடிக்கும்.

கொடி தோற்ற இடத்தில் என்ன நிகழும் என்பதற்கு ஊரிலேயே சான்று உண்டு. மணற்காட்டுப் பழைய அந்தோனியார் கோயில் மணலிற் புதையுண்டு இடிபாடாய் நிற்கின்றது. சுவர்களும் வளைவுகளும் மணலுக்கு மேலே எழுந்து தோன்றும் அக்காட்சியைப் படம் பிடிப்பதற்கு இப்போது வெளியூரார் பலர் வருகின்றனர். ஊராருக்கு அது படம் அன்று. தம் பாட்டன் பாட்டி ஞானஸ்நானம் பெற்ற இடத்தை மணல் எடுத்துக்கொண்டதன் அடையாளம். மணலை அடக்குவதற்காக நடப்பட்ட சவுக்குமரங்கள் இன்று அடர்ந்த தோப்பாக நிற்கின்றன. அதனுள் நுழைந்தாற் காற்றின் ஓசை கடலின் ஓசையைப் போலவே கேட்கும். சவுக்கு விரைந்து வளரும், காற்றையும் தடுக்கும். ஆனால் அதன் கீழ் உதிர்ந்த சருகு மெத்தையிலே வேறு செடி கொடி எளிதில் முளைப்பதில்லை. மணலைப் பிடிக்கும் திறத்தில் அடம்பனுக்கு அது ஈடாகாது என்பது என் எண்ணம்.

இப்பகுதியைப் பாழ்நிலம் என்று கருதுவோர் வல்லிபுரத்தின் பழைமையை மறந்துவிடுகின்றனர். வல்லிபுர ஆழ்வார் கோயிலின் புரட்டாதித் திருவிழாவையும், மணலைக் கடந்து கடலுக்குச் செல்லும் தீர்த்தத் திருவிழாக் கூட்டத்தையும் அறியாதவர் வடமராட்சியில் இலர். அக்கோயிலைச் சூழ்ந்த மணல்மேடுகளில் மிகப் பழைய மட்பாண்ட ஓடுகள் கிடைக்கின்றன. கறுப்புச் சிவப்புப் பாண்டங்களின் ஓடுகளும், கடல் வாணிகத்தோடு வந்த அழகிய கோலம் இட்ட பாண்டங்களின் ஓடுகளும் அவற்றுள் உள. பொ. இரகுபதி 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ்ப்பாணத்தின் ஆதிக் குடியேற்றங்கள் பற்றிய ஆய்வில் இவ்விடம் முதன்மையாகப் பேசப்படுகின்றது. 1936இல் இங்கே பிராமி எழுத்துப் பொறித்த பொன்னேடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதனைப் படித்த பேராசிரியர் பரணவிதான அது வசப மன்னன் காலத்தது, அதாவது கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றார். அவ்வேட்டின் வாசகத்துக்குப் பொருள் கொள்வதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துள் யான் புகவில்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் இம்மணலிலே மக்கள் கூடி வாழ்ந்தனர், தூரதேசக் கலங்களோடு தொடர்பு கொண்டனர் என்பதில் எவருக்கும் வேறுபாடில்லை. கப்பலில் வருபவன் கரையில் முதலிற் கேட்பது எதனை? குடிக்க நீரைத்தான். இம்மணலிலே நன்னீர் இருந்தமையே அக்குடியிருப்புக்கு அடிப்படை என்று யான் கருதுகின்றேன்.

இன்றைய மணற்காட்டாரின் தொழில் கடற்றொழில். சோழகக் காலத்திற் கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். அப்போது கரைவலை இழுப்பர். சம்மாட்டியாருக்கு வலையும் வள்ளமும் சொந்தம், இழுப்பவர்களுக்குப் பங்கு. வள்ளத்தில் வலையைக் கொண்டு சென்று வளைத்து விட்டு, இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இழுத்துவர, மடியிற் சாளையும் சூடையும் நெத்தலியும் துள்ளும். இப்போது சில இடங்களில் மனிதர் தோளுக்குப் பதிலாக உழவியந்திரம் இழுக்கின்றது. மிகுந்த மீன் மணலிற் காய்ந்து கருவாடாகும். மாரி தொடங்கிக் கடல் பொங்கும்போது வள்ளங்கள் மேட்டில் ஏறிவிடும். ஆக, கடல் தொழிலை நிறுத்தும் அதே மாதங்களிலே வானம் கிணற்றை நிரப்புகின்றது.

2004ஆம் ஆண்டு மார்கழியில் இந்த ஒழுங்கு குலைந்தது. 26ஆந் தேதி, நத்தாரின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரை முழுவதையும் அடித்துச் சென்றது. மணற்காட்டிற் பலர் மாண்டனர். தெற்கே உடுத்துறையில் இறந்தோரின் நினைவிடம் இன்றும் இருக்கின்றது. விடுமுறை கழிந்து பாடசாலை மீண்டும் கூடியபோது, என் வகுப்பு இடாப்பிற் சில பெயர்களை யான் வாசிக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே சொல்ல இயலவில்லை.

கிணறுகளைப் பற்றிச் சொல்லலாம். கடல்நீர் புகுந்த கிணறு ஒவ்வொன்றும் உப்பாயிற்று. உதவி செய்ய வந்தவர்கள் நல்ல மனத்தோடு பம்பிகளைக் கொண்டுவந்தனர். கிணற்றை ஒட்ட இறைத்துவிட்டால் நல்ல நீர் ஊறும் என்று எண்ணினர். செம்மண்ணிற் பிறந்த எனக்கும் அதுவே சரி என்று தோன்றிற்று. பம்பியின் குழாயை ஒரு கிணற்றில் நானே பிடித்தேன். இறைத்தோம், உப்பு குறையவில்லை. மறுநாளும் இறைத்தோம், கூடிற்று. தப்பிப் பிழைத்திருந்த ஆச்சி, கூடாரத்து வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உப்பை இறைச்சு முடியாது தம்பி. கிணத்தைச் சும்மா விடுங்கோ. மழைதான் கழுவோணும்.”

பின்னர் மட்டக்களப்புக் கரையில் இதே நிலையை ஆராய்ந்தவர்களும் அம்முடிவுக்கே வந்தனர். கிணற்றிலிருக்கும் உப்புநீரை ஒருமுறை மெல்ல அகற்றலாம். மீண்டும் மீண்டும் இறைத்தாற் கீழேயிருக்கும் உவர் மேலேறி, மிதந்துகொண்டிருந்த மெல்லிய நன்னீர்ப் படை குலைந்துவிடும். மழை பெய்து, கனத்த உப்புநீரைக் கீழேயும் கடலை நோக்கியும் தள்ளுவதே வழி. அதற்கு ஒரு மாரி போதாது. ஓரிரு மாரிகள் கழிந்த பின்பே பல கிணறுகள் தெளிந்தன. அதுவரை தாங்கிகளில் வந்த நீரையே குடித்தோம்.

அலை வந்த போது மணற்குன்றுகள் செய்த காவலையும் குறிப்பிட வேண்டும். இலங்கைக் கரைகளைப் பின்பு பார்த்தவர்கள், உயர்ந்த குன்று உடையாமல் நின்ற இடங்களிற் பின்னிருந்த நிலம் பெரிதும் தப்பியதையும், குன்றில் வாய் திறந்திருந்த இடங்களில் நீர் அவ்வாயிலாற் பாய்ந்து அழித்ததையும் கண்டனர். தென்கிழக்கே யாலக் கரையில், கடலைப் பார்ப்பதற்காக முன்னிருந்த மணற்குன்றைத் தாழ்த்திய உல்லாச விடுதியொன்று முற்றாக அழிந்தது. அருகே குன்று நின்ற பகுதிகள் அவ்வாறு அழியவில்லை.

இவ்வளவும் தெரிந்த பின்பும் மணல் போய்க்கொண்டிருக்கின்றது. 2009இல் போர் முடிந்ததும் குடாநாடு முழுவதும் வீடு கட்டத் தொடங்கிற்று. இடிந்த சுவர்களை எழுப்ப மணல் வேண்டும். குடாநாட்டில் மணல் எங்கே உண்டு? இந்தக் கிழக்குக் கரையில் உண்டு. அனுமதிப்பத்திரத்தோடும் அள்ளினர், இல்லாமலும் அள்ளினர். இரவில் உழவியந்திரங்கள் விளக்கை அணைத்துக்கொண்டு போகும் ஓசையைப் பாடசாலை விடுதியில் படுத்திருந்து பல நாள் கேட்டிருக்கின்றேன். அள்ளுவோரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அவர்களிற் சிலர் என்னிடம் படித்தவர்கள். வலையில் மீன் இல்லாத காலத்தில் ஒரு பெட்டி மணலுக்குக் கிடைக்கும் காசு அடுப்பை எரிக்கின்றது. மேலும், 2011இல் யான் என் வீட்டைத் திருத்தியபோது வந்து இறங்கிய மணல் எங்கிருந்து வந்ததென்று கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும்.

மணலை அள்ளுவதனால் நேர்வது யாது? குன்று தாழ்ந்தாற் கடலுக்கு வாய் திறக்கின்றது என்பது ஒன்று. அதை எவரும் எளிதில் ஒப்புக்கொள்வர். கண்ணுக்குத் தெரியாத கேடு வேறு. நீர்மட்டம் தெரியுமளவுக்கு மணலை அகழ்ந்துவிட்டால், மேலே சொன்ன மூடி போய்விடுகின்றது. நன்னீர் வெயிலுக்குத் திறந்து கிடந்து ஆவியாகும். எஞ்சிய நீரிற் சவர் ஏறும். குழி குளமாகத் தோன்றும்; மாடுகளும் இறங்கிக் குடிக்கும்; பார்ப்பவர் நீர் பெருகிற்று என்று மகிழ்வர். அது பெருக்கு அன்று, கசிவு. மழையை ஏற்று வைத்திருந்த கொள்கலத்தின் ஒரு பகுதி உலொறியில் ஏறிப் போய்விட்டது. குன்றினுள் உயர்ந்து நின்ற நீர்மட்டம் சரிந்து குழியின் மட்டத்துக்கு இறங்கும். ஓர் அடிக்கு நாற்பது அடி என்னும் கணக்கை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டிய இடம் இது.

மேற்கே கிடக்கும் கடனீரேரியைப் பற்றியும் ஒரு சொல். பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடனீரேரியிற் சேரும் மாரி நீரை வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்று வாயிலிற் கதவமைத்துக் கடல்நீரைத் தடுத்து, ஏரியை ஆண்டாண்டாகக் கழுவி நன்னீர் ஆக்குவது அதன் கருத்து. அது முழுமையாக நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் மணற்காட்டுக்கு மூன்று பக்கத்து உவரில் ஒரு பக்கம் தணிந்திருக்கும்.

இப்பொழுது வேறொரு வழி வந்திருக்கின்றது. மணற்காட்டுக்குத் தெற்கே தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு ஆகத்தில் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை வழங்கத்தக்க பெரிய நிலையம் அது. கடல்நீரை மிகுந்த அழுத்தத்துடன் நுண்ணிய சவ்வுகளின் ஊடாகச் செலுத்த, நீர் அப்புறம் செல்லும். உப்பு இப்புறம் நிற்கும். எஞ்சும் செறிந்த உப்புநீர் கடலுக்கே திரும்புகின்றது. அதனால் மீன்வளம் குன்றுமோ என்று அக்கரை மீனவர் அஞ்சினர். நைத்திரேற்று மிகுந்த கிணறுகளை நம்பியிருக்கும் வலிகாமத்தாருக்கும், நீருக்காகப் பல மைல் அலையும் தீவகத்தாருக்கும் இத்தகைய நீர் பெரும் உதவி. அதனைக் குறைத்துப் பேச யான் வரவில்லை. ஆனால் அந்நிலையத்துக்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும், சவ்வு வேண்டும், பணம் வேண்டும். அதே கரையிலே, அதே கடலுக்கருகிலே, மணற்குன்று ஒன்று மின்சாரம் இல்லாமல் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றது. முன்னதற்கு வேலியும் காவலும் உண்டு. பின்னதற்கு விலை பேசுகின்றோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அதிபராக மீண்டும் இக்கரைப் பாடசாலைக்கு வந்தேன். ஆச்சி இப்போது இல்லை. அவர் வீட்டுக் கிணறு இருக்கின்றது. பேத்தியின் பிள்ளைகள் நம் பாடசாலையிற் படிக்கின்றனர். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். சாணுக்கு ஒரு முடிச்சாகக் கயிறு ஒன்றில் முடிச்சிட்டு, நுனியிற் கல்லைக் கட்டி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தத்தம் வீட்டுக் கிணற்றில் விட்டு, நீர்மட்டம் எத்தனையாம் முடிச்சில் நிற்கின்றதென்று கொப்பியில் எழுதிவரவேண்டும். நீரைச் சிறிது நாவில் வைத்து, நல்லது, சவர், உப்பு என மூன்றில் ஒன்றையும் எழுதவேண்டும். முதலிற் சிரித்தனர். பின்பு மணல் அள்ளிய பள்ளத்தை அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் கொப்பியிலே, மற்றவர்களுக்கு முன்பாகவே, ஆனி மாதத்திற் ‘சவர்’ என்ற சொல் வரத் தொடங்கிற்று. ஒரு பிள்ளை தன் கொப்பியைக் கொண்டுபோய் மணல் ஏற்றும் தன் தகப்பனாரிடம் காட்டியிருக்கின்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமை, கயிற்றைத் தானே கிணற்றில் விட்டுப் பார்த்தாராம்.